உறுப்பு தானம்: மருத்துவமனையின் சட்டப் பாதுகாப்பு எங்கே கைநழுவுகிறது?

நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக யார்மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது 1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 23-வது பிரிவு. இதை முழுக் கவசம் என்று நம்புவதே முதல் தவறு. அந்தப் பாதுகாப்பு, இந்தச் சட்டத்தை ஒட்டிச் செய்தவற்றுக்கு மட்டும்தான். நடைமுறையை விட்டுவிட்டு, உயிரைக் காப்பாற்றத்தானே செய்தோம் என்றால் எடுபடாது. உரிய கவனமில்லாமல் செய்ததை, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் நல்லெண்ணமாக ஏற்பதில்லை.

அதிகம் சறுக்குவது மூளைச்சாவுச் சான்றில். இதற்கான படிவம் 10-ல் நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். மூளைச்சாவை உறுதிசெய்யும் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். அவசரத்தில் இரண்டு சுற்றையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள், அல்லது நேரத்தைக் குறிக்காமல் விடுவார்கள். மூளைச்சாவு போலவே தோன்றவைக்கக்கூடிய மயக்க மருந்தின் தாக்கம், உடல் குளிர்ந்திருப்பது ஆகியவை இல்லையென்று உறுதிசெய்ததாகப் பதிவே இருக்காது. உறுப்பு மாற்று அறுவைக் குழுவைச் சேர்ந்தவர் சான்றில் கையெழுத்திட்டிருந்தால் நேர்மையையே கேள்வி கேட்பார்கள். அறுவையில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு தாள் வழக்கைச் சாய்த்துவிடும்.

சம்மதத்தில், இறந்தவர் 18 வயது நிறையாதவர் என்றால் தாயோ தந்தையோ கையெழுத்திட வேண்டும். அதற்குப் படிவம் 9. துக்கத்தில் பெற்றோர் பேச முடியாத நிலையில் தாய்மாமாவிடம் வாங்கிய கையெழுத்து செல்லாது.

சாலை விபத்து என்றால், உறுப்புகளை எடுக்க உதவுமாறு காவல் நிலையத்துக்கு வேண்டுகோள் தரவேண்டும். அதே நேரத்தில் பிரேதப் பரிசோதனை மருத்துவருக்கும் நகல் போக வேண்டும். இந்த நகலைத்தான் மறக்கிறார்கள். எடுத்த உறுப்புகளைப் பற்றி அறுவை மருத்துவர் அப்போதே அறிக்கை எழுதவேண்டும். அது பிரேதப் பரிசோதனைக் குறிப்பில் சேரவேண்டும். இல்லையென்றால் மரணத்தின் காரணத்தை அழித்துவிட்டதாகக் குற்றச்சாட்டு வரும். மருத்துவமனையிடம் அதற்குப் பதில் இருக்காது.

கருவிழி எடுக்க மூளைச்சாவுச் சான்று வேண்டாம்; பயிற்சி பெற்ற டெக்னீசியனே எடுக்கலாம். சம்மதப் படிவம் மட்டும் அங்கேயும் கட்டாயம்.

அனுமதியின்றி உறுப்பை எடுத்தால் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். மருத்துவரின் பெயர், முதல் முறையே, பதிவேட்டிலிருந்து 3 ஆண்டுகளுக்கு நீக்கப்படும்.