ஆயுள் சிறைவாசியின் முன்விடுதலை மனு எங்கே சறுக்குகிறது?

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை. ஆயுள் என்றால் சாகும்வரைதான் என்று கோபால் கோட்சே வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 என்பது ஒரு தடை. கொலை போல, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை அதற்கு முன் அரசு விடக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 433-ஏ, அதற்குப் பதில் வந்த இப்போதைய பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் பிரிவு 475. 14 முடிந்தால் மனுவைப் பரிசீலிக்கலாம், அவ்வளவே.

அந்த 14-ஐ எண்ணுவதில்தான் குளறுபடி. உள்ளே கழித்த நாள்கள் மட்டுமே கணக்கு. நன்னடத்தைக்குச் சிறை தரும் தண்டனைக் கழிவு சேராது. தீர்ப்புக்கு முந்தைய ரிமாண்ட் நாள்கள் சேரும் (பிரிவு 468), இதை விட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டின்போது ஜாமீனில் இருந்த காலம் சேராது. பரோல் நாள்களும் சேராது என்று கோவா சிறை விதிகளை வைத்து 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபராதம் கட்டாததற்கான சிறை தனியாக ஓடும். சில ஆயிரம் ரூபாய்க்காக மாதக்கணக்கில் உள்ளே இருப்பதைவிட, கட்டி ரசீதை மனுவோடு இணைத்துவிடலாம். சிறை அலுவலகம் தரும் நாமினல் ரோலை (சிறைவாசியின் தண்டனை விவரப் பதிவை), கைதான தேதி, ஜாமீன் உத்தரவு, திரும்பச் சரணடைந்த தேதி மூன்றோடும் வரிவரியாக ஒப்பிடுங்கள். கடைசித் தீர்ப்பையும் படியுங்கள். ‘25 ஆண்டுக்குத் தண்டனைக் கழிவு கிடையாது’ என்று அதில் இருந்தால் கணக்கே வேறு.

அடுத்தது, தவறான அரசிடம் போவது. குற்றம் நடந்த மாநிலம் அல்ல, தண்டனை விதித்த நீதிமன்றம் உள்ள மாநிலமே முடிவெடுக்க வேண்டும். குஜராத் அரசு விடுவித்தவர்களை, பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் திரும்பச் சிறைக்கு அனுப்பியது இந்தக் காரணத்தால்தான்; விசாரணை மும்பையில் நடந்திருந்தது. சிபிஐ விசாரித்த வழக்கென்றால் மத்திய அரசின் இசைவும் வேண்டும்.

14 ஆண்டு ஆகாதவர், தண்டனையைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு 473-ஐ மட்டும் காட்டி எழுதினால் 475 குறுக்கே நிற்கும். ஆளுநருக்கு மன்னிப்பு அதிகாரம் தரும் அரசமைப்பின் 161-ஐக் குறிப்பிட வேண்டும்; அந்த அதிகாரத்தை இந்தத் தடை தொடாது என்பது மாரு ராம் வழக்கின் (1980) தீர்ப்பு. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018-ல் தமிழக அரசு 10 ஆண்டு முடித்தவர்களை விடுவித்தது 161-இன்படிதான். ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்பதால் (பேரறிவாளன் வழக்கு, 2022) ஆளுநர் மாளிகைக்கு மட்டும் எழுதிப் பயனில்லை. உள்துறைக்கும் நகல் போகட்டும்.

சிறைவாசியின் மனு கண்காணிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். குடும்பத்தார் போட்டால், ‘அவர் சிறையில் இருக்கிறார்’ என்ற உறுதிமொழி அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மனுவை ஏற்க மாட்டார்கள்.

மனுவில் வழக்கை மறுபடி வாதாடாதீர்கள். அது மேல்முறையீட்டுக்கு உரியது. லக்ஷ்மண் நாஸ்கர் வழக்கு (2000) அரசைப் பார்க்கச் சொன்னவை வேறு: குற்றம் சமூகத்தைப் பாதித்ததா, மீண்டும் செய்வாரா, செய்யும் நிலையில் இருக்கிறாரா, இனியும் அடைத்துவைப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. சிறையில் படித்த சான்றிதழ், வேலைப் பதிவேடு, மருத்துவ ஆவணம், வேலை தருவதாக ஒருவர் எழுதிய கடிதம், இவைதான் பதில். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வீட்டுக்கு வருவதற்குள், எங்கே தங்குவார், யார் பொறுப்பு என்பதை வீட்டார் முடிவு செய்திருக்க வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால் அப்படியே அறிக்கையில் ஏறிவிடும்.

விடுதலைக் கொள்கை அடிக்கடி மாறும். தண்டனை பெற்ற நாளில் இருந்த அரசாணையைத் தேடி எடுங்கள். பின்னால் வந்தது சாதகமாக இருந்தால் அதையும் கேட்கலாம் (ஜகதீஷ் வழக்கு, 2010).

‘நிராகரிக்கப்பட்டது’ என்று வாய்மொழியாகச் சொன்னால் விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். காரணத்தைச் சுருக்கமாகவேனும் எழுதி, சிறைவாசிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசின் முடிவை எதிர்க்கும் மனு) போடும்போது ‘விடுதலை செய்க’ என்று மட்டும் கேட்காமல், ‘உத்தரவை ரத்து செய்து குறித்த வாரங்களுக்குள் மறுபரிசீலனை செய்க’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கமாகக் கிடைப்பது அதுதான். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால், சிறையில் இருப்பவருக்குச் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.