உதகைக் குளிரில் ஒரு வேளைச் சோறு: வீடற்றோருடன் உணவைப் பகிர விரும்பும் சபையாருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் 26ஆம் தேதி மாலை, உதகைப் பேருந்து நிலையத்தின் அருகே படுத்துறங்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். "நேத்து நாலு பிரியாணி வந்துச்சு தம்பி, இன்னிக்கு ஒரு டீகூட வரல" என்றார். அந்த நான்கில் ஒன்று எங்கள் சபை வாலிபர்கள் கொடுத்த பொட்டலம். ஒன்றை அவர் உண்டார். குளிரில் நெய் உறைந்து கட்டியாகிப் போன மற்ற மூன்றும் தெருநாய்களுக்குப் போயின. அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே, மலை நகரங்களில் இப்பணியைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் இரண்டு வாரம் வெறுங்கையோடு நடக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கும் அதிகாலை ஐந்தரை மணிக்கும், இருவர் இருவராக, பேருந்து நிலையம், இரயில் நிலையம், நகராட்சி மார்க்கெட், சேரிங் கிராஸ் பக்கத்துக் கடைத்திண்ணைகள் ஆகிய இடங்களில் எத்தனை பேர் படுக்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், பல் இல்லாத முதியவர்கள் எத்தனை பேர், எவருக்கு எந்த மொழி தெரியும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் சுமை தூக்கிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்பவர்களும், சீசனில் ஓட்டல் வேலைக்கு ஏறிவந்து ஊர் திரும்ப வழியில்லாமல் தங்கிவிட்டவர்களும், தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்ததும், தோட்ட நிர்வாகம் கொடுத்திருந்த லைன் வீட்டையும் விட்டுக் கொடுக்க நேர்ந்தவர்களும், மனநலம் குன்றி எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்களும் அந்தத் திண்ணைகளில் அடுத்தடுத்துப் படுத்திருப்பார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரே தேவை என்று எண்ணிக்கொண்டு போனால் முதல் வாரத்திலேயே தடுமாற நேரிடும். வடமாநிலத் தொழிலாளர்கள் பெருகியுள்ள இக்காலத்தில், குழுவில் ஒருவருக்காவது இந்தி பேசத் தெரிந்திருப்பது நல்லது.

அந்த நடையின்போதே வேறு யார் உணவு தருகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். கோயில் அன்னதானம் எந்தக் கிழமை, ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி எப்போது, மற்ற சபையினர் எந்த நாளில் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, ஒருவரும் வராத நாளைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. ஆராதனை முடிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமையில் செய்வது நமக்கு வசதி, ஆனால் எல்லோருக்கும் அதே வசதி தோன்றுவதால் அன்றுதான் உணவு மிஞ்சுகிறது.

வாரம் ஒரு நாள் என்று முடிவு செய்தால், ஆண்டில் 52 நாளும் அதைக் காக்க ஆள் வேண்டும். தவக்காலத்தில் உதவிக்கு வருபவர்களை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்தவுடன் பாதிப் பேர் காணாமல் போவார்கள். மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தால் வாகனம் நகராது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மீதிப் பேருக்கும் சளி பிடிக்கும். எனவே மழைக்கால வாரங்களுக்கு யார் யார் என்று முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, டிசம்பருக்குக் கடைசியாக எழுதுங்கள். ஐம்பது பேரைத் திரட்டி மூன்று மாதம் நடத்துவதைவிட, எட்டுப் பேரை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு நடத்துவதே மேல் என்பது என் எண்ணம்.

சமையலில் இந்த மலை தனியாக ஒரு பாடம் நடத்தும். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் குறைந்து, இங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் அல்லாமல் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த அண்டாவில் வெப்பம் ஏறாது. பருப்பு மணிக்கணக்கில் கொதித்தும் கடுக்கென்று நிற்கும். கோயம்புத்தூரில் சமைத்துப் பழகிய ஒரு சகோதரர் எங்களுக்கு உதவ வந்து, அங்குள்ள கணக்குப்படி அடுப்பை இறக்கியதில், அன்று வந்த பாட்டிமார் எவராலும் அந்தச் சாதத்தை மெல்ல முடியவில்லை. பருப்பை ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, பெரிய பிரஷர் குக்கரிலேயே வேகவையுங்கள். சமவெளியில் நான்கு விசில் விடுபவர் இங்கே ஆறு விசில் விடட்டும். நீரும் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும்.

உணவு ஒரே பாத்திரத்தில் அடங்குவதாகவும், குழைவாகவும், பல் இல்லாதவரும் உண்ணக்கூடியதாகவும் இருக்க வேண்டும். காய்கறி நிறைந்த சாம்பார் சாதம், வெண்பொங்கல், கோதுமை ரவைக் கிச்சடி ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்தாலே போதும். நாற்பது பேருக்குச் சாம்பார் சாதம் செய்ய நாங்கள் எடுக்கும் அளவு நான்கு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, நான்கு கிலோ காய். கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளையும் ஊரில் காய்க்குப் பஞ்சமில்லை. வடிவம் கோணலாக இருப்பதால் மண்டியில் கழித்துப்போடும் கேரட்டை விவசாயிகளிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். காரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், வெறும் வயிற்றில் காரம் எரியும். அவித்த முட்டையைத் தனியாக வைத்து, வேண்டுபவருக்கு மட்டும் கொடுங்கள். இறைச்சியை நாங்கள் தவிர்க்கிறோம். யார் எதை உண்பார் எதை உண்ணார் என்று தெருவோரத்தில் விசாரிப்பது அவர்களைக் கூச வைக்கிறது. அன்பளிப்பாக வரும் வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட்டைப் பற்றி ஒரு சொல்: ஊட்டிக்குப் பெருமை சேர்த்த பண்டம்தான் என்றாலும், பல் இல்லாதவர் கையில் அது வெறும் நொறுங்கல். டீயில் ஊறவைத்துக் கொடுத்தால் மட்டுமே பயன்படும்.

குளிரான ஊர் என்பதால் உணவு கெடாது என்று நம்பிவிடக் கூடாது. சமைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சை உண்டாக்கும். ஆகவே உணவு பரிமாறி முடியும்வரை 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆவி பறப்பதைப் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது, ஏனென்றால் உதகைக் குளிர்காற்றில் ஆறிப்போன சோற்றிலிருந்தும் ஆவி பறக்கும். கம்பியை உள்ளே செருகிப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹாட் பாக்ஸில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிய பிறகு உணவை நிரப்பி, பழைய கம்பளியால் சுற்றிக் கட்டினால், இரண்டு மணி நேரம் சூடு நிற்கும். மாலை நான்கரைக்கு இறக்கிய சாதம் ஆறரைக்குள் தட்டில் விழுந்துவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு என்று எடுத்துவைக்கவோ, பொட்டலமாகக் கொடுத்தனுப்பவோ கூடாது.

தட்டையான தட்டில் போட்ட சோறு டிசம்பர் இரவில் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது. குழிவான எவர்சில்வர் கிண்ணமே எல்லாவற்றிலும் சிறந்தது. அதையும் வெந்நீரில் முக்கியெடுத்துப் பரிமாறுங்கள். கிண்ணங்களைக் கழுவ ஆள் இல்லாதவர்கள் பாக்குமட்டைக் கிண்ணத்தைப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை, தட்டு, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை செய்யப்பட்டவை. நீலகிரியில் இத்தகைய கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. புண்ணியம் செய்யப் போன இடத்தில் அபராதம் கட்டிய குழுக்களும் உண்டு.

இனி, பரிமாறும் முறை. இங்கேதான் நாங்கள் அதிகம் தவறினோம். வண்டியை நிறுத்தி, வரிசையில் நிற்கச் சொல்லி, கையில் திணித்துவிட்டு, அடுத்த இடத்துக்கு விரைவோம். நம்முடைய ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தபோது, முதலில் அவர்களைப் பசும்புல்லின்மேல் பந்தி பந்தியாக உட்காரச் செய்தார் என்பதை எத்தனையோ முறை கேட்டிருந்தும், அதை ஒரு செயல்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள எங்களுக்கு நெடுநாள் ஆனது. இப்போது கூரையுள்ள ஓர் இடத்தில் இரண்டு படுதாக்களை எதிரெதிரே விரிக்கிறோம். வருபவர்கள் அமர்கிறார்கள், கை கழுவ வெந்நீர் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போகிறது, நம்மவர்களில் பாதிப் பேர் பரிமாற, மீதிப் பேர் அவர்களுக்கு நடுவே அமர்ந்து, அதே பாத்திரத்துச் சோற்றை அதே கிண்ணத்தில் உண்கிறார்கள். வீட்டில் உண்டுவிட்டு வந்து பரிமாறுவதை நாங்கள் அனுமதிப்பதில்லை. உப்பு குறைந்தது, பருப்பு வேகவில்லை என்பதெல்லாம் அன்றிலிருந்துதான் எங்களுக்குத் தெரியவந்தது.

பேச்சை அவர்களே தொடங்கட்டும். "ஏன் இப்படி ஆனீர்கள்" என்று கேட்பது, விருந்துக்கு வந்தவரிடம் வழக்குரைஞர் போல் விசாரணை நடத்துவதாகும். பெயர் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் "வாங்க ஐயா", "உட்காருங்க பாட்டி" என்று அழைத்தால் போதும். இளவயதினர் என்றாலும் ஒருமையில் அழைக்க வேண்டாம். அண்ணன், அக்கா, தம்பி என்ற உறவுச்சொற்கள் எதற்கு இருக்கின்றன?

ஜெபத்தைப் பற்றிச் சபைக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழும். சமைக்கும் முன் நாம் கூடி ஜெபிக்கலாம், பந்தியில் அமர்ந்தபின் நமக்காகச் சுருக்கமாக நன்றி சொல்லலாம். ஆனால் பசித்தவரை உட்காரவைத்துப் பிரசங்கம் கேட்கச் செய்த பின் சோறு போடுவதும், கிண்ணத்தோடு கைப்பிரதியைக் கொடுப்பதும் அந்தச் சோற்றுக்கு விலை வைப்பதாகவே ஆகும் என்பது என் உறுதியான கருத்து. யாரேனும் தமக்காக ஜெபிக்கக் கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் படம் எடுப்பதற்கு எங்கள் குழுவில் அறவே தடை. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று போதிக்கப்பட்டவர்கள், அதை முகநூலுக்கு அறிவிப்பது பொருந்தாது.

குளிர்காலத்தில் சோற்றைவிட முக்கியமானது அதிகாலைச் சூடு. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை உறைபனி விழும் நாட்களில், இயன்றால் காலை ஆறு மணிக்குச் சுக்குக் காபியோ பால் சேர்க்காத இனிப்பான கட்டன் சாயாவோ கொண்டுசெல்லுங்கள். அப்போது ஒவ்வொருவரையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு, சொல் குழறி, தள்ளாடி, மந்தமாக இருந்தால், போதையில் இருக்கிறார் என்று கடந்து போகாதீர்கள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். உடனே 108ஐ அழைத்துவிட்டு, ஈரத் துணியை அகற்றி, தரைக்கும் உடலுக்கும் நடுவே அட்டையோ சாக்கோ போட்டு, கம்பளியால் தலையோடு போர்த்துங்கள். நினைவோடு விழுங்கக்கூடியவர் என்றால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. குளிருக்கு ஒரு வாய் சாராயம் நல்லது என்னும் பேச்சு இந்த மலையில் வலுவாக உண்டு. மது தோலை நோக்கி இரத்தத்தைப் பாய்ச்சி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதே உண்மை. அன்பு மிகுதியால் கரி அடுப்பு வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. மூடிய கொட்டகைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும், ஆகவே அது வேண்டவே வேண்டாம்.

பல நாள் எதுவும் உண்ணாமல் மெலிந்து கிடப்பவருக்கு வயிறு நிறையச் சோறு போடுவதும் ஆபத்து. சிறிது கஞ்சியோடு நிறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநலம் குன்றித் தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் கடமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு காவல்துறையிடம் ஒப்படைத்திருக்கிறது. அவரைக் காவல் நிலைய அறையில் அடைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்துவைத்திருந்து பணிவாக எடுத்துச் சொன்னால் காரியம் நடக்கும். தனியாகத் திரியும் குழந்தையைக் கண்டால் 1098, கைவிடப்பட்ட முதியவர் என்றால் 14567 ஆகிய எண்களை அழையுங்கள்.

அரசு நடைமுறை அதிகமில்லை. இடத்தைப் பற்றி நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் நகலை வண்டியில் வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இலாப நோக்கம் இல்லாத உணவுப் பணியையும் தன் எல்லைக்குள் கொண்டிருப்பதால், தொடர்ந்து சமைத்து வழங்குபவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்வது முறை.

கடைசி வேலை துடைப்பம். சிந்திய பருக்கையும் முட்டையோடும் அங்கேயே கிடந்தால் காலையில் குரங்குகள் வரும், இரவில் காட்டுப்பன்றி வரும்; குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் கரடியே வரும். அந்தத் திண்ணையில் படுப்பவர் நாம் அல்ல. ஆகவே படுதாவை உதறி மடித்து, எச்சிலை மூடியுள்ள வாளியில் சேர்த்து, தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, வாளியைச் சபை வளாகத்துக்கே திரும்பக் கொண்டுவந்து உரக்குழியில் கொட்டி மண் போட்டு மூடுங்கள். எங்கள் குழுவில் இந்த வேலை முறை வைத்து நடக்கிறது. ஆயருக்கும் அதில் ஒரு செவ்வாய் உண்டு.