மலைக்குளிரில் சைனஸ்: ஆன்டிபயாடிக்கை எப்போது, எப்படி எடுப்பது?

உதகையில் பனிக்காலம் பிறந்ததும் மூக்கடைத்துக் கன்னம் கனப்பதும், குனிந்தால் நெற்றி விண்விண்ணென்று தெறிப்பதும் வீட்டுக்கு வீடு உண்டு. இவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் எந்தப் பயனும் தராது. சளி பச்சையாக வருகிறது என்பதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று முடிவு கட்டவும் கூடாது. பத்து நாளாகியும் தொல்லை குறையாவிட்டாலோ, குறைந்து வந்தது மீண்டும் காய்ச்சலோடு திரும்பினாலோ, 102 டிகிரிக் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் முகவலியும் தொடக்கத்திலேயே 3, 4 நாள் விடாமல் இருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதித் தரப்படுவது அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை. பெரும்பாலும் 5 முதல் 7 நாள் வரை. பெனிசிலின் ஒவ்வாமை உண்டென்றால் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். சாப்பிடத் தொடங்கும்போதே மாத்திரையை விழுங்கினால் வயிற்றுத் தொல்லை குறையும். மூன்று நாளில் சிறிதும் தணியவில்லை என்றால் மருத்துவரிடமே திரும்பிச் செல்லுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் வேறொருவரின் மாத்திரையைத் தொடாதீர்கள்.

மலைவாசிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிளாவுலனேட் ஈரத்தில் கெடும் மருந்து. ஓர் ஆடி மழையில் என் தாயார், எடுக்க எளிதாக இருக்குமே என்று அட்டையிலிருந்து எல்லா மாத்திரைகளையும் பிரித்துச் சிறு டப்பாவில் போட்டு வைத்தார். சில நாளில் அவை பழுப்பேறிப் பிசுபிசுத்துவிட்டன. விழுங்கும் நேரத்தில் மட்டுமே அட்டையைப் பிரியுங்கள்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல துணை. ஆனால் குழாய்நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அரிதாக அதிலுள்ள அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்று உயிரையே பறிக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் 100 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே கொதித்துவிடுவதால், தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின்னும் 3 நிமிடம் அடுப்பிலேயே விட்டு, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். நீலகிரித் தைல ஆவி மூச்சுக்கு இதமளிக்கும், பாக்டீரியாவைக் கொல்லாது.

மூக்கு அடைத்திருக்கும்போது மேட்டுப்பாளையம் இறங்கினால், காற்றழுத்தம் கூடுவதால் முகவலி கடுமையாகலாம். முடிந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், நள்ளிரவானாலும், அவசரப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.