காரைக்குடி ஆய்வகக் கணினியில் பிளாஸ்ட்: சொந்த நியூக்ளியோடைடு தரவுத்தளம் அமைக்கும் முறை

பிளாஸ்ட் என்பது நம்மிடம் உள்ள டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடும் நிரல். ஊருணித் தண்ணீரிலிருந்து பிரித்த பாக்டீரியாவின் 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் மரபணு) வரிசைகளை ஒப்பிட, என்டி என்ற பொது நியூக்ளியோடைடு தரவுத்தளம் முழுவதையும் இறக்கக் கிளம்பாதீர்கள். அது பல நூறு ஜிபி. பாதியில் கரண்ட் போனால் நாள் போய்விடும். என்சிபிஐ (அமெரிக்காவின் உயிரியல் தகவல் மையம்) தனியாகத் தரும் '16எஸ்_ரைபோசோமல்_ஆர்என்ஏ' போதும், அளவிலும் சின்னது. கணினியில் நிறுவும் பிளாஸ்ட் பிளஸ் தொகுப்போடு வரும் 'அப்டேட்_பிளாஸ்ட்டிபி' ஸ்கிரிப்ட்டை '--டீகம்ப்ரஸ்' சேர்த்து ஓட்டினால், இறக்கி விரித்தும் கொடுத்துவிடும். (இங்கே ஒலிப்பைத்தான் எழுதுகிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்து.)

அடுத்தது நம் சொந்த வரிசைகள். வருகிற பிழைகளில் பெரும்பாலானவை ஃபாஸ்டா கோப்பில்தான் (தலைப்பு வரி, அதன்கீழ் வரிசை என்று எழுதும் கோப்பு) பிறக்கின்றன. '>' குறிக்குப் பின் முதல் இடைவெளி வரை உள்ளதுதான் ஐடி. செட்டிநாட்டில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் விலாசம் பிரித்துக் காட்டிவிடும். இங்கே அந்த வேலை ஐடியுடையது. '>ஊருணி 1', '>ஊருணி 2' என்று எழுதினால் இரண்டின் ஐடியும் 'ஊருணி'தான், 'டூப்ளிகேட்' என்று நின்றுவிடும். '>ஊருணி_01' என்று ஆங்கில எழுத்தில், 50 எழுத்துக்குள் வையுங்கள். கோப்பு வெறும் டெக்ஸ்டாக இருக்கட்டும், வேர்ட் வேண்டாம். கோப்பு, ஃபோல்டர் பெயர்களிலும் இடைவெளி விடாதீர்கள். ஒன்றை இரண்டு கோப்பாக எடுத்துக்கொள்ளும்.

பிறகு தரவுத்தளத்தை உருவாக்க இதை ஓட்டுங்கள்:

மேக்பிளாஸ்ட்டிபி -இன் ஊருணி.ஃபாஸ்டா -டிபிடைப் நியூக்ல் -பார்ஸ்_செக்ஐடிஸ் -அவுட் ஊருணி

'-பார்ஸ்_செக்ஐடிஸ்' விட்டுப்போனால் தேடல் ஓடும். ஆனால் பின்னால் 'பிளாஸ்ட்டிபிகமாண்ட் -என்ட்ரி' கொண்டு ஒரு வரிசையை மட்டும் எடுக்க முடியாது. விண்டோஸில் டிஸ்க்கில் இடமில்லை என்று பொய்யாகப் புலம்பினால், 'பிளாஸ்ட்டிபி_எல்எம்டிபி_மேப்_சைஸ்' என்ற சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) 1000000 கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

முடிந்ததும் 'பிளாஸ்ட்டிபிகமாண்ட் -டிபி ஊருணி -இன்ஃபோ' காட்டும் எண்ணிக்கையும், ஃபாஸ்டாவில் உள்ள '>' குறிகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். 40 இருக்க வேண்டிய இடத்தில் 39 என்றால், ஏதோ ஒரு '>' வரியின் தொடக்கத்தில் இல்லை. அந்தத் தலைப்பு முந்தைய வரிசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

தரவுத்தளங்கள் உள்ள ஃபோல்டரை 'பிளாஸ்ட்டிபி' சூழல் மாறியில் குறித்துவிட்டால், தேடும்போது பாதையை எழுத வேண்டியதில்லை. '-டிபி'க்குப் பின் 16எஸ் தளம், ஊருணி தளம் இரண்டின் பெயரையும் இடைவெளி விட்டு ஒரே மேற்கோளுக்குள் தந்தால் இரண்டிலும் சேர்ந்து தேடும்.

நியூக்ளியோடைடு தேடலுக்கான பிளாஸ்ட்என் தானாக எடுப்பது மெகாபிளாஸ்ட் முறை, வேர்ட் சைஸ் (தேடல் தொடங்க அச்சாகப் பொருந்த வேண்டிய எழுத்துகள்) 28. 20 எழுத்து பிரைமரை (பிசிஆருக்கான குட்டி டிஎன்ஏ துண்டு) அதில் போட்டால் ஒன்றும் கிடைக்காது. '-டாஸ்க் பிளாஸ்ட்என்-ஷார்ட்' என்று மாற்றினால் 7 ஆகும்.

இ-வேல்யூவை (இப்படியொரு பொருத்தம் தற்செயலாக எத்தனை கிடைக்கலாம் என்ற எண், சிறியதாக இருந்தால் நல்லது) மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். அது தரவுத்தளத்தின் அளவோடு ஏறி இறங்கும். 40 வரிசை உள்ள தளத்தில் சுமாரான பொருத்தம்கூடப் பிரமாதமாகத் தெரியும். அடையாள சதவீதமும் எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதும்தான் பேச வேண்டும். இரண்டு தளங்களின் இ-வேல்யூவை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு தேடலிலும் தரவுத்தள அளவைக் குறிக்கும் '-டிபிசைஸ்' ஒரே எண்ணாக இருக்கட்டும்.