மதுரையிலிருந்து ஓபரா மேடைக்கு: பாட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு முதல் படிகள்

ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தில் பாடகராக ஆசைப்படும் பிள்ளைகள் மதுரையிலும் இருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) பாடும் கல்லூரிப் பெண், யூடியூபில் இத்தாலிய ஓபரா பாடகர் பாவரோட்டியைக் கேட்டுவிட்டு அதே மாதிரி முழங்கிப் பார்க்கும் பையன் என்று என்னிடம் பாட்டுப் படிக்க வருகிறவர்களிலேயே சிலர் உண்டு. எல்லாரும் முதலில் கேட்பது, "என் குரல் அதுக்குப் போதுமா?" என்பதுதான். அதைவிட முக்கியமாக நான் நினைக்கும் கேள்விகள் இரண்டு. எந்தெந்தப் பாத்திரங்கள் உங்கள் குரலுக்கு உரியவை? அவற்றில் எத்தனையை நாளைக்கே கூப்பிட்டாலும் மேடையேறிப் பாடும் அளவுக்குப் பாடம் பண்ணி வைத்திருக்கிறீர்கள்? தொழில்முறை ஓபரா வாழ்க்கை இவற்றின் மேல்தான் நிற்கிறது. கீழே வரும் படிகளும் அதை நோக்கியே போகின்றன.

படி 1: தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் தாத்தா பாட்டி பார்த்திருப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றைக்கும் சுற்றுவட்டாரக் கிராமத் திருவிழாக்களில் இரவு தொடங்கி விடிய விடிய நடக்கின்றன. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. ஆனாலும் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் நாடகம் ஓடத் தொடங்கிவிடும். பாட்டு, வசனம், தர்க்கம் எல்லாம் அவரவருக்கு ஏற்கெனவே பாடம் என்பதுதான் காரணம்.

ஓபராவும் பாட்டாலேயே நடக்கும் நாடகம். புதிதாக மேடையேற்றும்போது சில வாரங்கள் ஒத்திகை உண்டு என்பது வித்தியாசம். ஆனால் ஜெர்மனியில் ஒரு பாடகருக்குக் காலையில் தொண்டை கட்டிவிட்டால், அதே பாத்திரம் பாடமாக உள்ள இன்னொருவரைத் தேடி ஊர் ஊராக போன் போகும். அவர் ரயில் ஏறி வந்து அன்று மாலையே பாடுவார். மேடை அசைவுகளைக் கற்க நேரமில்லை என்றால், அவர் ஓரமாக நின்று பாட, துணை இயக்குநர் நடுவில் நின்று வாயசைத்து நடிப்பதும் உண்டு. பெரிய அரங்கத்தின் கதவு பலருக்கு இப்படித் திறந்திருக்கிறது.

பார்ட் பிரிவும் கிட்டத்தட்ட நம்முடையது போலத்தான். ஜெர்மன் அரங்கங்கள் குரல் வகையை 'ஃபாஹ்' என்று பிரித்து, அதன்படியே ஆள் எடுக்கின்றன. மோட்ஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் வரும் சூசன்னாவுக்குக் கனமில்லாத, துள்ளலான சோப்ரானோ குரல் வேண்டும். 1791-ல் மேடையேறிய 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவின் இரவு ராணிக்கு உச்சியில் சரசரவென்று ஓடும் குரல் வேண்டும். அதே ஓபராவில் பாபகேனோ என்ற பறவை பிடிப்பவன், நம் பபூன் போலச் சபையைச் சிரிக்க வைக்கும் பாரிடோன், அதாவது ஆண்களின் நடுத்தரக் குரல். வாக்னர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் ஓபராக்களில் வரும் புரூன்ஹில்டே என்றால் பெரிய வாத்தியக் குழுவையும் தாண்டிக் கேட்கும் கனத்த குரல். 20 வயதில் புரூன்ஹில்டே பாட முயல்வது குரலுக்குக் கேடு. கனத்த குரல்கள் முப்பதுகளில்தான் பக்குவப்படும்.

படி 2: உங்கள் குரல் எங்கே வாழ்கிறது என்று பாருங்கள்

ஓபராவில் மைக் கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். அத்தனை பேருக்கும் வாத்தியக் குழுவைத் தாண்டிக் குரல் கேட்க வேண்டும். கத்துவதால் இது நடக்காது. வாத்தியக் குழுவின் ஒலி வலிமை 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிகம், அதற்கு மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஓபரா குரலில் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு தனி வலிமை உண்டு என்று ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி காட்டினார். நம் காது நன்றாகக் கேட்கும் இடமும் அதுதான். தொண்டையையும் வாயையும் வைத்துக்கொள்ளும் விதத்தால் வருவது அது. மைக் பரவாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிய மண் இது. மைக் இல்லாத பாட்டு நமக்குப் புதிதில்லை.

போனில் ஒரு கீபோர்டு செயலியை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் சில நாட்கள் இதைச் செய்து பாருங்கள். வசதியாக, தெளிவாக வரும் கீழ் ஸ்வரத்தையும் மேல் ஸ்வரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'ஊ' என்று மெதுவாகக் கீழிருந்து மேலே சறுக்கிப் போங்கள். ஓரிடத்தில் குரல் உடையும் அல்லது தன்மை மாறும். அந்த இடத்தையும் எழுதி வையுங்கள். கடைசியாக, நீண்ட நேரம் பாடினாலும் களைக்காத பகுதி எது என்று பாருங்கள். குரல் வகையைத் தீர்மானிப்பதில் உச்ச ஸ்வரத்தைவிட இந்தப் பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம். 18 வயதுக்குள் இருப்பவர்கள் குறித்து வைத்தால் போதும், எந்த வகைப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு. 1 கட்டையில் பாடும் ஆணுக்கு, டெனார்களின் (உயர்ந்த ஆண் குரல்காரர்களின்) புகழ்பெற்ற உச்ச ஸ்வரம் தாரஸ்தாயி சட்ஜத்துக்கும் மேலே முழுசாக இன்னொரு ஸ்தாயி தள்ளி இருக்கிறது. பெண்கள் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டி, பேசும் குரலின் கனத்தோடு வரும் நெஞ்சுக் குரலில் பாடிப் பழகியிருப்பார்கள். ஓபராவில் மேல் பகுதி முழுவதும் தலைக் குரல், அதாவது தலையில் அதிர்வதுபோல் உணரும் இலேசான குரல். எனவே மேல் பகுதியை மெல்லிய ஒலியில் புதிதாக வளர்க்க வேண்டியிருக்கும். அதற்காகக் கர்நாடக சங்கீதத்தை விட்டுவிடாதீர்கள். சுருதி சுத்தமும் அகார சாதகமும் வேறு எங்கும் இவ்வளவு நன்றாகக் கிடைக்காது. இரண்டுக்கும் வெவ்வேறு நேரம் ஒதுக்குங்கள், அவ்வளவுதான்.

படி 3: ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐந்து கோடுகளில் ஸ்வரங்களை எழுதும் மேற்கத்திய முறைதான் ஸ்டாஃப் நோட்டேஷன். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வழியே இல்லை. கேட்டுக் கேட்டு ஒரு பாட்டைப் பாடிவிடலாம். மூன்று மணி நேர ஓபராவில் ஒரு பாத்திரத்தைக் கற்க முடியாது. ஒத்திகைக்கு முழுப் பாடத்தோடு வர வேண்டும் என்பது அங்கே அடிப்படை எதிர்பார்ப்பு.

மதுரையில் இதற்கு நல்ல இடம் நான்கு குரலில் பாடும் தேவாலயப் பாடகர் குழு. நரிமேட்டிலோ கீழவெளி வீதியிலோ அரசரடிப் பக்கமோ விசாரித்துப் பாருங்கள். டிசம்பர் கேரல் ஆராதனைக்கான ஒத்திகை மாதங்களில் புதுக் குரல்களுக்கு வரவேற்பு இருக்கும். பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரம் பாடும்போது உங்கள் வரியை விடாமல் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வீட்டில் தனியாகப் பாடி வராது.

கூடவே பியானோ. கச்சேரி அளவுக்கு வேண்டாம். உங்கள் வரியை ஒரு கையில் வாசித்து, மறு கையில் அடிப்படை கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) பிடிக்கத் தெரிந்தால் போதும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகளின் தேர்வுகளும் இந்தியாவில் நடக்கின்றன. ஏபிஆர்எஸ்எம்மில் 6-ம் கிரேடுக்குப் போகுமுன் 5-ம் கிரேடு தியரி முடித்திருப்பது நல்லது. அங்கே அது பொதுவான முன்நிபந்தனை. பழைய ஓபராக்களின் இசைத்தாள்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் பாட்டாக 'காரோ மியோ பென்' எடுங்கள். நிதானமான இத்தாலியப் பாட்டு, உச்ச ஸ்வரம் கேட்காது, மூச்சை எங்கே எடுப்பது என்று கற்றுக் கொடுக்கும். இரவு ராணியைத் தொடவே வேண்டாம்.

படி 4: மொழிகள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இத்தாலியத்தில் பெரிய அனுகூலம் இருக்கிறது. இத்தாலியர்களின் 'த' நம் 'த' போலவே பல்லில் நாக்கு படும் ஒலி. 'ப', 'க' ஒலிகளில் மூச்சுக் காற்று வெளியே தள்ளப்படுவதில்லை, நமக்கும் அப்படியே. பக்கம், அப்பா என்று இரட்டை மெய்யை அழுத்திச் சொல்வது நமக்கு இயல்பு. இத்தாலியத்திலும் அது உயிர் நாடி. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் பல மாதம் பாடுபட்டுக் கற்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கிறது.

இடறும் இடம் ஒன்று உண்டு. பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். வல்லினத்தின் அழுத்தமான ஒலியும் மெலிந்த ஒலியும் நமக்கு ஒரே எழுத்து. இத்தாலியத்தில் அது மாறினால் பொருளே மாறும். மூல எழுத்திலேயே படியுங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி வையுங்கள், முதலில் பாடாமல் பேசிப் பழகுங்கள்.

ஜெர்மனில் நமக்கு இல்லாத உயிர்கள் இரண்டு உண்டு. நாக்கை 'ஈ' சொல்லும் நிலையில் வைத்து உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவித்தால் ஒன்று வரும். நாக்கை 'ஏ' நிலையில் வைத்து உதட்டை 'ஓ' ஆக்கினால் இன்னொன்று. கண்ணாடி முன் நின்று பழகினால் வந்துவிடும். பிரெஞ்சு மூக்கொலிகளையும் ரஷ்யனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இத்தாலியம், ஜெர்மன் இரண்டும் கட்டாயம். ஜெர்மனியில் வேலை செய்ய ஆசை என்றால் பாடுவதற்கு மட்டுமில்லை, பேசவும் ஜெர்மன் வேண்டும். ஒத்திகை நடப்பது அதில்தான்.

படி 5: ஆசிரியரைத் தேடுங்கள்

மேற்கத்திய முறையில் குரல் கற்றுத் தருபவர் மதுரையில் கிடைக்காவிட்டால் சென்னைதான் அடுத்து. 2008-ல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி அங்கே இருக்கிறது. 1893-ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் பாடகர் குழுவும் அங்கேதான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் இறங்கி, வகுப்பு முடித்து, அன்று இரவே திரும்பிவிடலாம். நேரில் ஒரு வகுப்பு, நடுவில் ஆன்லைனில் சில வகுப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் மட்டும் கற்பதை நான் ஏற்க மாட்டேன். போன் மைக் குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிடும். ஆசிரியருக்கு உங்கள் உண்மையான ஒலி கேட்காது.

நல்ல ஆசிரியரை எப்படி அறிவது? வகுப்பு முடிந்ததும் தொண்டை வலித்தால், அடுத்த வகுப்பிலும் வலித்தால், வேறு ஆளைப் பாருங்கள். முதல் மாதமே பெரிய ஆரியா (ஓபராவின் தனிப்பாட்டு) கொடுப்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 6: தொண்டை

தண்ணீர் நிறையக் குடியுங்கள், தூசியில் வண்டி ஓட்டினால் மூக்கை மூடுங்கள். மதுரைக்கென்றே ஓர் எச்சரிக்கை: இராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா, சால்னா சாப்பிட்டு அப்படியே படுத்தால் இரைப்பை அமிலம் மேலேறிக் குரல் நாண்களைப் புண்ணாக்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். மிட்டாயும் கஷாயமும் பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிப் போட வேண்டாம்.

படி 7: மேல்படிப்பும் தேர்வும்

வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள், "நம்ம ஊர்ப் பிள்ளை அங்க போய்ப் பாட முடியுமா?" என்று. சியோலில் வளர்ந்த சுமி ஜோ 1983-ல் ரோமுக்குப் படிக்கப் போய், 1986-ல் திரியெஸ்தே நகரில் வெர்டியின் 'ரிகொலெத்தோ' ஓபராவில் கில்டாவாக மேடையேறினார். தென்னாப்பிரிக்காவின் சிற்றூரில் பிறந்த பிரிட்டி யெண்டே, தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் கேட்ட ஓபரா இசையால் ஈர்க்கப்பட்டுப் பாட வந்து, 2011-ல் ஓபராலியா போட்டியில் வென்றார். பம்பாயில் பிறந்த பாட்ரீஷியா ரொசாரியோ லண்டனில் படித்து உலக மேடைகளில் பாடியவர். இந்தப் பெயர்களை வீட்டில் சொல்லுங்கள்.

ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் தங்கும் செலவுக்கான பணத்தை வங்கியில் காட்ட வேண்டும். குரல் பிரிவுக்குப் பல இடங்களில் வயது வரம்பும் உண்டு. 18-லிருந்து 22-க்குள் தயாராகிவிடுவது நல்லது.

முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீடியோதான் அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டாமல், எதிரொலி சேர்க்காமல், ஒரே டேக்கில் எடுங்கள். கேமராவை மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். பியானோ வாசிக்க ஆள் வேண்டும். கரோக்கே அனுப்பினால் மதிக்க மாட்டார்கள். பதிவைச் சித்திரைத் திருவிழாவை ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். மதுரையில் ஸ்பீக்கர் சத்தம் கேட்காத அறை அப்போது கிடைக்காது. பின்னாளில் வேலைக்கான தேர்வுகளுக்கு ஐந்து ஆரியாக்கள் கொண்டு போவது வழக்கம். முதலாவதை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், அடுத்ததை அவர்கள் கேட்பார்கள். ஐந்தும் ஒரே குரல் வகையில், குறைந்தது இரண்டு மூன்று மொழிகளில் இருக்க வேண்டும். ஒன்று மோட்ஸார்ட்டாக இருக்கட்டும்.

படி 8: சம்பளம்

படிப்பு முடிந்ததும் பலர் ஓர் அரங்கத்தின் ஓபரா ஸ்டூடியோவில் சிறு பாத்திரங்கள் பாடிப் பழகுகிறார்கள். அதன் பிறகு வழி மூன்றாகப் பிரியும். ஜெர்மனியில் பொதுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்கங்கள் சுமார் 80 உள்ளன. அவற்றில் மாதச் சம்பளத்துக்கு நிலையான தனிப்பாடகராகச் சேரலாம். சீசன் பொதுவாகச் செப்டம்பரில் தொடங்கிக் கோடையில் முடியும். ஒப்பந்தம் ஒன்றிரண்டு ஆண்டுக்கு. புதுப்பிக்கப் போவதில்லை என்றால், புதியவர்களுக்கு அக்டோபர் இறுதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழி விருந்துக் கலைஞராகப் போவது. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேச்சு. இதில் உடம்பு சரியில்லாமல் பாடாவிட்டால் அன்றைய பணம் கிடைக்காத ஒப்பந்தங்களே அதிகம். ஒத்திகைக் காலத்துத் தங்குமிடம், பயணச் செலவு யாருடையது என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். ஏஜெண்டின் கமிஷன் போக மிச்சம் எவ்வளவு என்றும் கணக்குப் போடுங்கள். நம் நாடகக்காரர்கள் டேட் எழுதும்போதே அட்வான்ஸ் பேசுவது போல, இதையெல்லாம் பேசக் கூச்சப்படக் கூடாது.

மூன்றாவது, அரங்கத்தின் கோரஸ், அதாவது சேர்ந்து பாடும் குழு. பலர் இதை இறக்கமாக நினைக்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாதச் சம்பளம், பல ஆண்டு பாதுகாப்பு, வாரத்துக்கு வாரம் வேறு வேறு ஓபரா. குடும்பத்தோடு ஓர் ஊரில் வாழ்ந்துகொண்டே பாட விரும்புகிறவர்கள் கோரஸ் தேர்வுக்கென்று தனியாகத் தயாராகலாம். அங்கே நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடும் திறமையும் கைகொடுக்கும். 3-ம் படியை நன்றாகச் செய்தவர்களுக்கு அது பயமாக இருக்காது.

பாவரோட்டி 19 வயதில் முறையாகப் படிக்கத் தொடங்கி, 1961-ல்தான் ரெஜியோ எமிலியாவில் 'லா போஎம்' ஓபராவின் ரொடோல்ஃபோவாக முதன்முதலில் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 25. நடுவில் பள்ளி ஆசிரியராகவும் காப்பீட்டு முகவராகவும் வேலை பார்த்தார். ஆகவே பி.காம்., பி.எட். என்று கையில் ஒரு படிப்பு இருப்பது உங்கள் பாட்டுக்குத் தடையில்லை. கல்லூரி நேரம் போகக் காலையில் அரை மணி நேரம் குரல் பயிற்சி, மாலையில் ஒரு மணி நேரம் நோட்டேஷனும் பியானோவும், வாரத்தில் மூன்று நாள் இத்தாலியம் என்று இப்போதே தொடங்கலாம்.