அமெரிக்கால துப்பாக்கி பாதுகாப்பு இன்ஸ்ட்ரக்டர் ஆகறது எப்படி

நம்ம ஊர்க்காரங்க ரேஞ்சுல (துப்பாக்கி சுட்டு பழகற இடம்) பாத்தா கேக்கற மொத கேள்வி, நீங்க எப்படி இன்ஸ்ட்ரக்டர் ஆனீங்க, நானும் ஆகலாமான்னு தான். தாராளமா ஆகலாம், ஆனா அதுக்கு முன்னாடி விசா விஷயத்த சொல்லிடறேன், ஏன்னா நல்லா படிச்சவங்களே இதுல தெரியாம மாட்டிக்கறாங்க. எச்1பி (வேலை), எஃப்1 (படிப்பு) மாதிரி தற்காலிக விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கறதே பொதுவா ஃபெடரல் சட்டப்படி (நாடு முழுக்க உள்ள மத்திய சட்டம்) குற்றம், ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதும் அதுல வந்துடும், வேட்டை லைசென்ஸ் வாங்கியிருந்தா விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருந்தா இந்த தடை இல்ல. உங்க கேஸுல சந்தேகம்னா வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் துப்பாக்கிய தொடுங்க, ஃப்ரெண்டு சொன்னான்னு போகாதீங்க. இன்னொண்ணு, உங்க மாநிலத்துல கஞ்சா சட்டப்படி சரின்னாலும் ஃபெடரல் சட்டத்துல இன்னும் தப்பு தான், அத பயன்படுத்தறவங்க துப்பாக்கி வெச்சிருக்க கூடாது.

சரி, வழி என்னன்னா, நிறைய பேர் போறது என்.ஆர்.ஏ (நேஷனல் ரைபிள் அசோசியேஷன்) குடுக்கற சர்ட்டிபிகேட் தான். உள்நாட்டு போர்ல வீரர்களுக்கு குறி பாத்து சுடவே தெரியலன்னு கவலப்பட்ட ரெண்டு முன்னாள் ராணுவ அதிகாரிங்க 1871ல ஆரம்பிச்ச சங்கம் அது. அதோட இன்னிக்கு அரசியல் உங்களுக்கு பிடிக்கலாம் பிடிக்காம போகலாம், பயிற்சி முறை நல்லா செதுக்கினது, பல மாநிலத்துல அந்த சர்ட்டிபிகேட்ட ஏத்துக்கறாங்க. 21 வயசு ஆகியிருக்கணும். மொதல்ல ஒரு மாணவரா பேசிக் பிஸ்டல் கோர்ஸ முடிங்க, அப்புறம் ஒரு அஞ்சாறு மாசமாவது ரெகுலரா ரேஞ்சுக்கு போங்க (இது ரூல் இல்ல, என் அபிப்ராயம்). அதுக்கப்புறம் ட்ரெயினிங் கவுன்சிலர்னு இருப்பாங்க, இன்ஸ்ட்ரக்டர்களுக்கே சொல்லித்தர்றவங்க, அவங்க நடத்தற கோர்ஸுல சேரணும். உள்ள போறதுக்கு முன்னாடியே உங்களுக்கு அடிப்படை தெரியுதா, துப்பாக்கிய பத்திரமா கையாளறீங்களா, குண்டெல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து விழுதான்னு சோதிப்பாங்க. அப்புறம் எப்படி பாடம் எடுக்கறதுன்னு ஒரு பகுதி, பிஸ்டலுக்குன்னு தனி பகுதி, ரெண்டும் சேத்து ஒரு வீக்கெண்ட் முழுசா போயிடும். எழுத்து பரீட்சைல 90 சதவீதம் எடுக்கணும். ரைபிள், ஷாட்கன் எல்லாத்துக்கும் தனித்தனி சர்ட்டிபிகேட், பிஸ்டலுக்கு வாங்கினத வெச்சு ரைபிள் எடுக்க முடியாது.

நல்லா சுடறவங்க எல்லாம் நல்லா சொல்லித்தருவாங்கன்னு நெனச்சுட்டு வர்றவங்க தான் அங்க திணறுவாங்க. கோர்ஸுல பாதி நேரம் நீங்க எழுந்து நின்னு மத்தவங்களுக்கு பாடம் எடுக்கணும், திடீர்னு ஒரு தலைப்ப குடுத்து பத்து நிமிஷம் நடத்துன்னு சொல்வாங்க, அதுக்கு வீட்ல ஆள வெச்சு வாய்விட்டு சொல்லிப் பாருங்க. என்.ஆர்.ஏவோட மூணு பாதுகாப்பு ரூலும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரணும்: துப்பாக்கி எப்பவும் பாதுகாப்பான திசைய பாத்தே இருக்கணும், சுட தயாராகற வரைக்கும் விரல் ட்ரிகர்ல படக்கூடாது, பயன்படுத்தப்போற நேரம் வரைக்கும் லோட் பண்ணக்கூடாது. கிளாஸ் ரூமுக்குள்ள உண்மையான தோட்டா ஒண்ணு கூட வரக்கூடாது, டம்மி தான். மாணவர் கார்ல மறந்து வெச்ச பைய தூக்கிட்டு வந்தாலும் அத வெளிய வெச்சுட்டு தான் பாடம் ஆரம்பிக்கணும்.

புதுசா வர்றவங்க கண்டிப்பா தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, அத நான் ஒவ்வொரு கிளாஸ்லயும் மூணு தடவ செஞ்சு காட்டுவேன். செமி ஆட்டோமேடிக் பிஸ்டல காலி பண்ணும்போது மொதல்ல மேகசின (தோட்டா அடுக்கியிருக்கற பெட்டி) கழட்டணும், அப்புறம் தான் ஸ்லைட (துப்பாக்கி மேல முன்ன பின்ன நகர்ற பகுதி) பின்னாடி இழுக்கணும். மாத்தி செஞ்சா, ஸ்லைட இழுக்கும்போது ஒரு தோட்டா வெளிய விழும், அது திரும்ப முன்னாடி போகும்போது மேகசின்லேர்ந்து அடுத்தது சேம்பர்ல (சுட தயாரா தோட்டா உக்கார்ற இடம்) ஏறிடும், அப்புறம் மேகசின கழட்டிட்டு காலின்னு நம்பி கீழ வெப்பாங்க. அந்த காலி துப்பாக்கி தான் ஆள கொல்லும். அதனால கண்ணால பாத்து, சுண்டு விரல உள்ள விட்டு தடவி பாக்க சொல்லுங்க.

ரேஞ்சுல போனதும் நீங்க டார்கெட்ட பாக்காதீங்க, மாணவரோட கையையே பாருங்க. எனக்கு கத்து குடுத்தது என் மொத மாசத்துல வந்த ஒரு அக்கா, நடுவுல போட்டுட்ட சந்தோஷத்துல, பாத்தீங்களான்னு கேட்டுகிட்டே துப்பாக்கியோட அப்படியே என் பக்கம் திரும்பிட்டாங்க. நான் கைக்கு எட்டற தூரத்துல நின்னதால முழங்கைய புடிச்சு முன்னாடி திருப்பிட்டேன், கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் யோசிப்பேன். அதுலேர்ந்து புது ஆளுக்கு மொத ஷாட்டுக்கு ஒரே ஒரு தோட்டா தான் போட்டு தருவேன். இன்னொண்ணு, சுட்டதும் தெறிக்கற வெத்து தோட்டா பயங்கர சூடா இருக்கும், அது கழுத்து வழியா சட்டைக்குள்ள விழுந்தா யாரா இருந்தாலும் துள்ளுவாங்க, கையில லோடான துப்பாக்கியோட. கழுத்து மூடின சட்ட போட்டுட்டு வரச்சொல்லி முன்னாடி நாளே மெசேஜ் அனுப்பிடுங்க. ட்ரிகர அழுத்தியும் வெடிக்கலன்னா முன்னாடியே நீட்டி புடிச்சு 30 செகண்ட் காத்திருக்கணும், சத்தம் மட்டும் டொக்குன்னு சின்னதா வந்தா குண்டு பேரல்லயே மாட்டியிருக்கலாம், உடனே நிறுத்தணும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாம லைன் (சுடறவங்க நிக்கற இடம்) பக்கமே விடாதீங்க. முடிச்சதும் எல்லாரும் கை கழுவணும், ஈயம் கையில ஒட்டியிருக்கும்.

என்.ஆர்.ஏ கார்டு வந்தா மட்டும் எல்லாம் நடத்திட முடியாது. இல்லினாய்ஸ்ல துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டு போற லைசென்ஸுக்கு 16 மணி நேர கோர்ஸ், அத நடத்த ஸ்டேட் போலீஸோட அப்ரூவல் வேணும். டெக்சஸ்ல லைசென்ஸ் கிளாஸ் எடுக்க டி.பி.எஸ் (அந்த மாநில பொது பாதுகாப்பு துறை) சர்ட்டிபிகேட் தனியா வாங்கணும், அங்க 2021 செப்டம்பர்லேர்ந்து பெரும்பாலானவங்களுக்கு லைசென்ஸே தேவையில்லன்னாலும் கத்துக்க ஆளுங்க வந்துட்டு தான் இருக்காங்க. உங்க மாநில ரூல அரசாங்க சைட்டுலயே படிங்க, லயபிலிட்டி இன்சூரன்ஸும் எடுத்துடுங்க.

கடைசி அரை மணி நேரத்த வீட்ல எப்படி வெக்கறதுன்றதுக்கு ஒதுக்குங்க, இதுல சிக்கனம் பண்ணாதீங்க. பூட்டின சேஃப், தோட்டா தனியா. குழந்தைங்க இருக்கற வீடுன்னா அதுங்களுக்கு சொல்லித்தர 1988லேர்ந்து ஒரு எளிய பாடம் இருக்கு: நில்லு, தொடாத, ஓடிப்போ, பெரியவங்ககிட்ட சொல்லு. தற்கொலைய பத்தியும் கூச்சப்படாம பேசுங்க, இந்த நாட்டுல துப்பாக்கியால சாகறவங்கள்ல பாதிக்கு மேல அப்படி தான் போறாங்க. வீட்ல யாராவது மனசு ஒடஞ்சு இருந்தா துப்பாக்கிய கொஞ்ச நாள் வெளிய வெக்க சொல்லுங்க, 988ங்கற தற்கொலை தடுப்பு உதவி நம்பர போர்டுல எழுதி வெச்சுடுங்க. கிளாஸுக்கு வர்றவங்க யாராவது சரியில்லன்னு உங்க மனசுக்கு பட்டா, பணத்த திருப்பி குடுத்துட்டு அன்னிக்கு லைனுக்கு கூட்டிட்டு போகாம, உக்காந்து பேசுங்க. எனக்கு ஒரு தடவ அப்படி ஆச்சு, அவரு இப்பவும் தீபாவளிக்கு போன் பண்ணுவாரு.