பொதுக்கலைப் பணிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு: அமெரிக்க நகரங்கள் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவின் பல நகரங்களில் நூலகமோ தீயணைப்பு நிலையமோ கட்டினால், கட்டுமானச் செலவில் ஒரு பங்கு கலைக்குப் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1959-இல் ஃபிலடெல்ஃபியா தொடங்கியது. சியாட்டில் 1973-இலும் நியூயார்க் 1982-இலும் சேர்ந்தன. பொதுவாக 1 சதவீதம். கலைஞரைப் பொறுக்கி எடுப்பது ஒரு தேர்வுக் குழு. அதன் பரிந்துரைக்கு நகரக் கலை ஆணையம் ஒப்புதல் தரும்.

கலைஞர்களை அழைக்கும் அறிவிப்பைக் கையில் எடுத்ததும் அது கேட்பது தகுதியையா (இதுவரை செய்த பணிகள்), வடிவமைப்பையா என்று பாருங்கள். பெரும்பாலானவை முதலில் தகுதியை மட்டுமே கேட்கும். அதற்குப் போய் ஓவியத் திட்டம் வரைந்து அனுப்பினால் உழைப்பு வீண். சில இடங்களில் விதிமீறல் என்று ஒதுக்கியும் விடுவார்கள். இலவசமாக முழு வடிவமைப்பு கேட்கும் அறிவிப்பு என்றால் தள்ளி நிற்பதே நல்லது.

முதல் சுற்றில் ஜெயிப்பதும் தோற்பதும் படங்களில்தான். நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் ஒருவருடைய பத்துப் படங்களுக்கு ஓரிரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். ஒரே சிற்பத்தை நாலு கோணத்தில் வைத்து இடத்தை அடைக்காதீர்கள். அளவு புரிய, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் படம் ஒன்றாவது இருக்கட்டும். படத்தின் குறிப்பில் எந்தப் பொருளால் செய்தது, அளவு, ஆண்டு, செலவு, யாருக்காகச் செய்தது என்பவை வர வேண்டும். செலவை மறைப்பவர்கள் அடிபடுவது இங்கேதான்: 5,000 டாலர் வேலை மட்டும் செய்தவரிடம் 5 லட்சம் டாலரை ஒப்படைக்கக் குழு தயங்கும். புதியவர்கள் தெருவோர மின்பெட்டி ஓவியம், சின்னச் சுவரோவியம், தற்காலிகப் பணி என்று ஏறி வருவதே நடைமுறை.

விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம் ஒரு பக்கம் போதும். எல்லா ஊருக்கும் பொருந்தும் கடிதத்தைக் குழு முதல் பத்தியிலேயே கண்டுகொள்ளும்.

இறுதிச் சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரைக் கூப்பிட்டு, வடிவமைப்புக்குத் தனியாகப் பணம் தருவார்கள். குழுவில் கலைஞர்களோடு கட்டட வடிவமைப்பாளரும் அந்தப் பகுதி மக்களும் இருப்பார்கள். நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி அலுவலக வளாகத்தில் 1981-இல் சிற்பி ரிச்சர்ட் செர்ரா நிறுவிய 120 அடி நீள எஃகுச் சுவரான 'டில்ட்டட் ஆர்க்', அங்கே வேலை செய்தவர்கள் எதிர்த்ததால் 1989-இல் அகற்றப்பட்டது. அந்தச் சம்பவத்தை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை. ஆகவே நேர்காணலில் அழகைப் பற்றிய கேள்வியைவிட “குழந்தைகள் ஏறினால்?”, “யாராவது கிறுக்கினால் எதைக் கொண்டு துடைப்பது?” என்ற கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

பலரும் கவிழ்வது பட்ஜெட்டில். அறிவித்த தொகைக்குள் எல்லாமே அடக்கம். 1 லட்சம் டாலர் என்றால் உங்கள் கூலி 15 முதல் 20 ஆயிரம். எதிர்பாராச் செலவுக்கு 10 ஆயிரம். மிச்சத்தில்தான் பொருள், பட்டறைக் கூலி, உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரையிட்ட வரைபடம், இன்சூரன்ஸ், லாரி, கிரேன், விளக்கு எல்லாம். அஸ்திவாரம் போடுவது நீங்களா, கட்டடக் கான்ட்ராக்டரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் உங்கள் கூலியே காங்கிரீட்டில் போய்விடும். கட்டடம் ஓராண்டு தள்ளிப்போவது சகஜம், அதற்குள் எஃகு விலை ஏறிவிடும். பட்டறைக்காரரின் விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லும் என்று பார்த்து வையுங்கள்.

ஒப்பந்தத்தில் பணம் கட்டம் கட்டமாக வரும். பொருள் வாங்கும் கட்டத்துக்கு முன்பே போதிய தொகை வருகிறதா என்று சரிபாருங்கள். படைப்பைச் சிதைக்காமல் காக்க 1990-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் கலைஞருக்குத் தந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் வரி பல ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

கிடைக்காவிட்டால் குழுவின் கருத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம். திட்ட அலுவலர்கள் பலர் பதில் சொல்வார்கள். சில நகரங்களில் குழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் திறந்தது. விண்ணப்பிக்காத ஒரு திட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.